கொல்லன் மகனும் கொள்ளளவியும்

பௌதிகவியலில் கொள்ளளவிகள் பற்றிய கணக்கு எதைச் செய்தாலும் விடையின் ஓரத்தில் ஒரு மனிதரின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. மைக்ரோபரட் என்று அலகு போடும் ஒவ்வொரு தடவையும் நாம் மைக்கல் பரடேயைத்தான் நினைவுகூருகிறோம். பதுளையில் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் நான் அவருடைய வரலாற்றைத் தேடி வாசிக்க ஒரு காரணம் உண்டு. அவருக்கு உயர்கணிதம் தெரியாது என்று எங்கோ கண்டேன். நம்ப முடியவில்லை.

பரடே 1791 செப்டெம்பர் 22 இல் லண்டனின் தென்புறத்தில் பிறந்தார். தந்தை ஒரு கொல்லர். அடிக்கடி நோயில் விழுந்தவர். ஒரு காலத்தில் ஒரு முழு வாரத்துக்கு ஒரே ஒரு பாண்தான் சிறுவன் பரடேயின் பங்கு. பள்ளியில் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் எண்கணிதம்; அத்துடன் படிப்பு நின்றது. 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையன். அடுத்த ஆண்டு முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழகினார். பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலிருந்து படிப்பை இடையில் விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் தம்பிமாரின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆனால் அந்தப் பையன் கட்ட வந்த புத்தகங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை, வாசித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்னியல் பற்றிய கட்டுரை ஒன்று அவன் கையில் கிடைத்தது. இன்னொன்று, வேதியியலை உரையாடலாகச் சொல்லும் ஒரு நூல். அதில் ஓர் ஆசிரியை எமிலி, கரோலின் என்ற இரு மாணவிகளுக்குப் பாடம் சொல்வார். எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. 1806 இல் அது வெளிவந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பெண் எழுதிய நூல் ஒரு கொல்லன் மகனை விஞ்ஞானியாக்கியது என்பதை வாப்பாமாரும் உம்மாமாரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

1812 இல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டில் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அழகாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது. 1813 மார்ச்சில் ரோயல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை. வாரம் 25 சிலிங். டேவியுடன் ஐரோப்பா சென்றபோது டேவியின் மனைவி இவரை வேலைக்காரனாகவே நடத்தினாராம். அதைச் சகித்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளையெல்லாம் சந்தித்துத் திரும்பினார். 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். அதை எல்லோரும் அறிவோம்.

என் மனம் நிற்பது 1837 இல். பரடே ஒரே அளவான இரண்டு கருவிகள் செய்வித்தார். ஒவ்வொன்றும் ஒரு பித்தளைக் கோளத்துக்குள் இன்னொரு கோளம், இடையில் காற்று. உண்மையில் அவை இரண்டு கொள்ளளவிகள். ஒன்றுக்கு ஏற்றம் கொடுத்து, மற்றதோடு தொடுத்தார். ஏற்றம் பாதி பாதியாகப் பிரிந்தது. பிறகு ஒன்றின் இடைவெளியில் கொஞ்சம் அரக்கை வைத்தார். பொற்கொல்லர் பயன்படுத்தும் அதே அரக்குத்தான். இப்போது அரக்குள்ள கருவி கூடுதலாக எடுத்துக்கொண்டது. நாம் சமாந்தரத் தொடுப்பு என்று படிப்பது இதைத்தான்.

எண்களில் பார்ப்போம். 2 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை 12 வோல்ற்றுக்கு ஏற்றினால் அதில் 24 மைக்ரோகூலோம் இருக்கும். அதை வெறுமையான 4 மைக்ரோபரட் கொள்ளளவியுடன் சமாந்தரமாகத் தொடுத்தால் மொத்தக் கொள்ளளவம் 6. எனவே இரண்டிலும் அழுத்தம் 4 வோல்ற்று. ஏற்றமோ ஒன்றில் 8, மற்றதில் 16. அழுத்தம் சமம், பெரியது அதிகம் கொள்ளும்.

தொடர்த் தொடுப்பில் இது தலைகீழ். அதே இரண்டையும் வெறுமையாக்கித் தொடராக 12 வோல்ற்றுக்கு இணைத்தால் இரண்டிலும் ஏற்றம் ஒன்றே, 16 மைக்ரோகூலோம். அழுத்தம் 8, 4 என்று பிரியும். சிறியதற்குத்தான் பெரிய பங்கு. ஏன் ஏற்றம் சமம்? நடுவில் உள்ள இரு தகடுகளும் ஒரு கம்பியால் மட்டும் இணைந்து, வெளியுலகத் தொடர்பற்ற தீவாக நிற்கின்றன. அத்தீவுக்கு ஏற்றம் வெளியிலிருந்து வராது. ஒரு தகடு இழந்ததையே மற்றது பெறும். இதற்கும் பரடேயின் ஒரு பரிசோதனை துணை நிற்கிறது. 1843 இல் ஓர் உலோக வாளிக்குள் ஏற்றமுள்ள குண்டைத் தொடாமல் இறக்கினார். வாளியின் உட்புறத்தில் எதிர் ஏற்றமும், வெளிப்புறத்தில் அதே அளவு ஏற்றமும் தோன்றின. குண்டை எடுத்ததும் இரண்டும் மறைந்தன.

இவற்றை அவர் சமன்பாடாக எழுதவில்லை. கையால் செய்தார், கண்ணால் பார்த்தார், நாட்குறிப்பில் எழுதினார். அவருடைய எண்ணங்களைக் கணிதமாக்கியவர் மக்ஸ்வெல். சூத்திரம் மனனமானால் போதும் என்று இருக்கும் எங்களுக்கு இந்த வரிசை விசித்திரமாகத்தான் படுகிறது. முதலில் அரக்கும் பித்தளையும், பிறகுதான் சூத்திரம்.

வீரப் பட்டத்தையும் ரோயல் சங்கத் தலைவர் பதவியையும் பரடே மறுத்தார். சிறுவர்களுக்கான நத்தார் விரிவுரைகளை மட்டும் விடவில்லை. 19 தொடர்கள் ஆற்றினார். 1867 ஓகஸ்ட் 25 இல் மறைந்தார். 1881 இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு கொள்ளளவத்தின் அலகுக்கு அவர் பெயரை உறுதிசெய்தது. ஒரு முழு பரட் மிகப் பெரிய அளவு. எங்கள் கணக்குகளில் வருவதெல்லாம் அதில் பத்து இலட்சத்தில் சில பங்குகளே.

புகழ் பெற்ற பிறகும் தம் ஆய்வுக் கட்டுரைகளை அவர் ஜேன் மார்செட்டுக்கு அனுப்பி வந்தார், மாணவன் ஆசிரியைக்கு அனுப்புவது போல.