படுக்கை அருகே பாடம் சொன்ன டாக்டர்

நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே ஒருவர் டாக்டர் ஆக முடியுமா?

ஒரு காலத்தில் முடிந்தது! 1870-ம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் பல வைத்தியப் பள்ளிகள் கடை வியாபாரம் போல் நடந்தன. பணம் கட்டியவருக்கு இடம் உண்டு. பெரிய மண்டபத்தில் பேராசிரியர் பேசுவார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். முதல் ஆண்டு கேட்ட அதே பாடத்தை மறு ஆண்டும் கேட்பார்கள். அவ்வளவுதான், பட்டம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு ஊர் மக்களின் உயிர் அவர்கள் கையில்!

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆஸ்லர்.

பாதிரியார் மகன்

ஆஸ்லர் 1849-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி கனடா நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். மகனும் பாதிரியார் ஆவதற்கே கல்லூரியில் சேர்ந்தார். ஓர் ஆண்டில் மனம் மாறி வைத்தியம் படிக்கப் போய்விட்டார். 1872-ல் மாண்ட்ரீல் நகரில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். லண்டன், பெர்லின், வியன்னா நகரங்களுக்குச் சென்று மேலும் படித்தார்.

திரும்பி வந்து மக்கிலிலேயே ஆசிரியர் ஆனார். அப்போது வயது 25. மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் இல்லை. கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் அந்தக் கருவி இல்லாமல் என்ன படிப்பது? ஆஸ்லர் ஆஸ்பத்திரியின் பெரியம்மை வார்டில் வேலை பார்த்தார். அவருக்கும் அம்மை கண்டது. நல்லவேளை, லேசாக வந்து போயிற்று. அந்த வார்டில் சம்பாதித்த பணத்தில் மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப் வாங்கினார்!

பெண்கள் போட்ட நிபந்தனை

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் 70 லட்சம் டாலரை ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதி வைத்துவிட்டு 1873-ல் இறந்தார். 1889-ல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆஸ்லர் அதன் தலைமை வைத்தியர் ஆனார். ஆனால் வைத்தியப் பள்ளி தொடங்கப் பணம் இல்லை. பல்கலைக்கழகத்தின் சொத்து ரெயில்வே பங்குகளில் இருந்தது. அவற்றில் வருமானம் நின்றுபோயிற்று.

தருமகர்த்தாக்கள் சிலரின் பெண்கள் முன்வந்தார்கள். பணம் திரட்டினார்கள். மேரி கேரட் என்ற சீமாட்டி மட்டும் 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். ஆனால் நிபந்தனை போட்டார். ஆண்களைப் போலவே பெண்களையும் சேர்க்க வேண்டும். பட்டதாரிகளைத்தான் சேர்க்க வேண்டும். இந்த விதிப்படி தங்களுக்கே இங்கு இடம் கிடைத்திராது என்று ஆஸ்லர் தன் நண்பர் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

1893-ல் பள்ளி தொடங்கியது. சேர்ந்தவர்கள் 18 பேர். அவர்களில் 3 பேர் பெண்கள்.

ஆஸ்பத்திரியே பள்ளிக்கூடம்

படிப்பு 4 ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது, சோதனைச்சாலையில் வேலை செய்வது. மூன்றாம் ஆண்டு, வெளியில் இருந்து வந்துபோகும் நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

நான்காம் ஆண்டுதான் ஆஸ்லரின் சிறப்பு. ஒவ்வொரு மாணவருக்கும் வார்டில் சில படுக்கைகள் ஒப்படைக்கப்படும். அந்த நோயாளிகள் அவருடைய பொறுப்பு. நோய் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று விசாரித்து எழுத வேண்டும். ரத்தத்தையும் சிறுநீரையும் அவரே சோதிக்க வேண்டும். காலையில் ஆஸ்லர் வருவார். மாணவர் எழுதியதைப் படுக்கை அருகே நின்று படிப்பார். முதலில் கண்ணால் பார், பிறகு கையால் தொடு, தட்டிப் பார், கடைசியில் காது கொடுத்துக் கேள். இதுதான் அவர் சொல்லித் தந்த வரிசை. நோயாளி இறந்துவிட்டாலும் பாடம் முடியாது. பிரேத பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். நோயைத் தவறாகக் கணித்திருந்தால் அங்கே மறைக்க முடியாது.

கற்றுக்குட்டிகள் கூடினால் நோயாளிக்குத் தொல்லை அல்லவா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான பயம்தான். மாணவர்கள் இருக்கும் இடத்தில்தான் நோயாளி நன்றாகக் கவனிக்கப்படுகிறார் என்று ஆஸ்லர் வாதாடினார். பல கண்கள் பார்க்கும்போது டாக்டர் அசட்டையாக இருக்க முடியாதே!

சனிக்கிழமை இரவுகளில் மாணவர்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். சாப்பாடு உண்டு. அந்த வாரம் பார்த்த நோயாளிகளைப் பற்றியும், பழைய வைத்திய நூல்களைப் பற்றியும் பேச்சு நடக்கும்.

1892-ல் அவர் எழுதிய வைத்தியப் பாடநூல் உலகெங்கும் பரவியது. பல நோய்களுக்கு மருந்தே இல்லை என்பதை அதில் ஒளிக்காமல் எழுதினார். கோடீஸ்வரர் ராக்பெல்லரின் ஆலோசகர் 1897-ல் அதைப் படித்துத் திடுக்கிட்டார். 1901-ல் ராக்பெல்லர் வைத்திய ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது அதனால்தான்.

ஒரே மகன்

1905-ல் ஆஸ்லர் இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். 1911-ல் 'சர்' பட்டம் கிடைத்தது.

அவருக்கு முதலில் பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்துவிட்டது. இரண்டாவது மகன் ரெவியர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்தான். 1917 ஆகஸ்டு 29-ந்தேதி பெல்ஜியத்தில் குண்டு பட்டு விழுந்தான். பால்டிமோரில் ஆஸ்லருடன் வேலை பார்த்த பெரிய சர்ஜன் ஹார்வி குஷிங் இரவோடு இரவாக அங்கே ஓடினார். பலன் இல்லை. மறுநாள் காலை உயிர் பிரிந்தது. மகனுக்கு வயது 21.

தகப்பனார் உடைந்துபோனார். ஆனாலும் மாணவர்களுக்கும் போர்வீரர்களுக்கும் அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. 1919 டிசம்பர் 29-ந்தேதி நுரையீரல் நோயால் அவர் இறந்தார். எத்தனையோ மாணவர்களுக்கு அவர் கண்டுபிடிக்கக் கற்றுத் தந்த நோய் அது.

தான் சேர்த்த சுமார் 8,000 நூல்களை மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். 1929-ல் அங்கே அவர் பெயரால் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய அஸ்தி அந்தப் புத்தகங்களின் நடுவேதான் வைக்கப்பட்டிருக்கிறது.