தேயிலையின் அடியில் உறங்குவோரின் கவிஞர்

மாலை மூடுபனி இறங்கும் வேளையில் லிந்துலைத் தோட்ட லயங்களில் பேய்க் கதைகளுக்குப் பஞ்சமிருப்பதில்லை. தொழிற்சாலைச் சக்கரத்தையே ரோதமுனியாகக் கும்பிட்டவர்கள் மலையக மக்கள். இயந்திரமும் தெய்வமும் அச்சமும் ஒன்றாய்க் கலந்த அவ்வுலகு, இன்றைய இளைஞர் விரும்பும் திகில் சித்திரக் கதைகளின் விசித்திரக் கனவுகளுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. அந்த அச்சத்தின் அடியிலே கிடக்கும் துயரத்தை உலகறியச் செய்தவர்களுள் முதலில் நாம் நினைவுகூர வேண்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை ஆவார்.

லிந்துலைக்கு அயலிலுள்ள வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் அவர் பிறந்தார். கொழும்பு நாலந்தா கல்லூரியில் பயின்றார். கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு தலைநகரில் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தொழிற்சங்கப் பணியை நாடி மலைக்கே திரும்பினார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார்.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவுசெய்த மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. உயிரோடிருந்தும் ஏட்டில் இல்லாத மனிதர்கள்! இதனை விடவும் திகிலூட்டும் கதையொன்றை எந்தக் கற்பனையாளர் எழுதிவிட முடியும்?

இந்தப் பின்னணியில்தான் 1954 இல் அவரது ஆங்கில நெடுங்கவிதையான ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ வெளிவந்தது. பின்னர் சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என அது நம்மை வந்தடைந்தது. பசுமையான தேயிலைச் செடியின் வேரடியில், கல்லறையோ பெயர்ப்பலகையோ இன்றிப் புதைந்து கிடக்கும் மூதாதையரை அக்கவிதை நமக்குக் காட்டுகின்றது. இது வெறும் கற்பனையன்று. மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தோரில் எண்ணற்றோர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாகி வழியிலேயே கைவிடப்பட்டனர் என்பது வரலாறு.

மயானமாயினும் மையவாடியாயினும், இறந்தோரை மரியாதையுடன் வழியனுப்புவது சமயங்கள் அனைத்துக்கும் பொதுவான கடமையாகும். அது மறுக்கப்பட்டவர்களுக்குத் தமது எழுத்தால் அக்கடமையைச் செய்தார் சி. வி. ‘வீடற்றவன்’ நாவலின் தலைப்பே ஒரு சமூகத்தின் நிலையைச் சொல்லும். தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கிய பாடல்களை அவர் தேடித் திரட்டியமையால், பெயரறியாத பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும் அழியாது எஞ்சின. 1984 இல் அவர் மறைந்தார்.

அம்மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்த 2023 இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் பலர் நடந்தனர். முன்னோரை நினைப்பதற்கு அது நல்லதொரு தொடக்கம். ஆயினும் அவர்களது சந்ததியினரில் பெரும்பாலானோர் தாம் குடியிருக்கும் காணிக்கு உரித்தற்றவராகவே இன்றும் இருப்பது வேதனைக்குரியது.

திகில் கதை எழுதவும் வரையவும் முனையும் மலையக இளைஞர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. அந்நியப் பேய்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. நமது மண்ணில் உறங்குவோர் எவரையும் அச்சுறுத்த வரவில்லை. தம்மை யாரேனும் நினைக்கமாட்டார்களா என்றே காத்திருக்கின்றனர். சி. வி. யின் வாழ்வு நமக்குணர்த்தும் பாடம் இதுவேயாகும்.