விகதகுமாரனைத் தந்தவர்

நுழையும் முன்

மலையாளத் திரையுலகில் வாழ்நாள் முழுவதும் அரும்பணி ஆற்றிய கலைஞர்களுக்குக் கேரள அரசு வழங்கும் உயரிய விருது ஜே.சி. டேனியலின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் தமிழ் வழங்கும் அகத்தீசுவரத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் திரைப்படம் எடுத்தவர். மீண்டும் அகத்தீசுவரத்திலேயே மறைந்தவர். வாழ்ந்த காலத்தில் எந்த அரசும் அவரைச் சிறப்பிக்கவில்லை. அவரது வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கலை ஆர்வமும்

ஜோசப் செல்லையா டேனியல் 1900ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பிறந்தார். கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள அகத்தீசுவரம் அந்நாளில் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. ஆட்சியின் தலைநகர் திருவனந்தபுரம். நாகர்கோவில், அகத்தீசுவரம், தோவாளை முதலிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர்கள் உயர்கல்விக்கும் வழக்குக்கும் வணிகத்திற்கும் அந்நகருக்கே சென்றனர். டேனியலின் தந்தை மருத்துவர்; வசதி மிக்க குடும்பம். டேனியல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்றார்.

இளமையில் அவரது உள்ளத்தைக் கவர்ந்தது களரிப்பயிற்று என்னும் போர்க்கலை. தெற்குத் திருவிதாங்கூரில் இக்கலையின் ஒரு வகையை அடிமுறை என்பர். வாள்வீச்சும் சிலம்பமும் நன்கறிந்த டேனியல், இந்திய வாட்போர்க் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். எனினும் நூல், எழுத்தறிந்தவரை மட்டுமே சென்றடையும். எழுத்தறியாதவரும் கண்டு மகிழத்தக்க ஊடகம் ஒன்று அப்போது நாடெங்கும் பரவி வந்தது. அதுவே திரைப்படம்.

பேசாப் படங்களின் காலம்

தாதாசாகிப் பால்கே 1913இல் ‘ராஜா அரிச்சந்திரா’ படத்தை வெளியிட்டார். சில ஆண்டுகளில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ படத்தை எடுத்துத் தென்னிந்தியத் திரைப்படத்திற்கு அடிகோலினார். அக்காலப் படங்களில் ஒலி இல்லை. கதையை விளக்கும் எழுத்துகள் காட்சிகளின் இடையே தோன்றும். படக்கருவியைக் கையால் சுழற்றிப் படம் பிடித்தனர். விளக்கொளியை விடக் கதிரவனின் ஒளியையே பெரிதும் நம்பினர். புராணக் கதைகளே மிகுதியாகப் படமாயின. பெண்கள் நடிப்பதை இழிவாகக் கருதியதால், பால்கேயின் முதற்படத்தில் அரிச்சந்திரனின் மனைவியாகவும் ஓர் ஆடவரே நடித்தார்.

தம் நாட்டுப் போர்க்கலையைத் திரையில் காட்டி உலகறியச் செய்ய வேண்டும் என்பது டேனியலின் முதல் எண்ணம். அத்தொழிலைக் கற்கச் சென்னைக்குச் சென்றார். அங்கிருந்த படப்பிடிப்பு நிலையங்கள் அவருக்கு இடம் தரவில்லை. மனம் தளராமல் பம்பாய்க்குச் சென்றார். தாம் ஓர் ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குத் திரைக்கலையைக் கற்பிக்க விரும்புவதாகவும் கூறி நிலையங்களுக்குள் நுழைந்தார் என்பர். படம் பிடிக்கும் முறையையும் படச்சுருளைக் கழுவித் தொகுக்கும் முறையையும் கண்டறிந்து, வேண்டிய கருவிகளுடன் திருவனந்தபுரம் திரும்பினார்.

பட்டத்தில் ஒரு படநிலையம்

டேனியல் தமக்குரிய நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார். 1926இல் திருவனந்தபுரத்தின் பட்டம் என்னும் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைய கேரளத்தில் அமைந்த முதல் திரைப்பட நிலையம் அதுவே. இப்போது அதன் அருகே அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகம் உள்ளது.

அவருக்குப் பொருளுதவி செய்யப் பெருமுதலாளி எவரும் இல்லை. வழிகாட்டப் பழகிய கலைஞரும் இல்லை. ஆகவே தயாரிப்பு, கதை, இயக்கம், படத்தொகுப்பு என எல்லாப் பொறுப்புகளையும் டேனியல் தாமே ஏற்றார். படத்தின் நாயகனாகவும் நடித்தார். அவருடைய மகன் சுந்தர் குழந்தை வேடம் ஏற்றான்.

படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. காணாமற்போன மகன் என்பது அதன் பொருள். திருவிதாங்கூரின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை சந்திரகுமாரன். பூதநாதன் என்னும் கொடியவன் அவனை இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். அங்கே ஒரு தோட்டத்தில் கூலியாக வளரும் சந்திரகுமாரன், தன் உழைப்பால் மேற்பார்வையாளன் ஆகிறான். அவனுடைய உறவினன் செயச்சந்திரன் இலங்கைக்கு வருகிறான். இருவரும் உறவறியாமலே நண்பராகித் திருவிதாங்கூருக்கு வருகின்றனர். அங்கே சந்திரகுமாரனின் தங்கை சரோசினியைப் பகைவரிடமிருந்து காக்கின்றனர். முதுகிலிருந்த ஒரு தழும்பால் சந்திரகுமாரன் யார் என்பது வெளிப்படுகிறது. பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது.

அந்நாளில் தென்தமிழ்நாட்டிலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று உழைத்தன. கடல் கடந்து சென்றவரை எண்ணி ஏங்கும் உறவினர் ஊர்தோறும் இருந்தனர். புராணக் கதைகளே திரையை நிறைத்திருந்த காலத்தில், டேனியல் மக்களின் வாழ்விலிருந்து கதையைத் தேர்ந்தெடுத்தார்.

நாயகி ரோசி

சரோசினியாக நடிக்கப் பெண் கிடைப்பது அரிதாயிற்று. பம்பாய் நடிகை ஒருவரை அமர்த்தும் முயற்சி பலிக்கவில்லை. அப்போது டேனியல் பி.கே. ரோசியைக் கண்டார். ராசம்மா என்னும் இயற்பெயருடைய அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். உழைத்துப் பிழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். காக்காரிசி நாடகம் என்னும் நாட்டுப்புறக் கூத்தில் நடித்துப் பழகியவர். டேனியல் அவரையே நாயகி ஆக்கினார். கதைப்படி சரோசினி உயர்குடி நாயர் பெண். மலையாளத் திரையின் முதல் நாயகி என்னும் பெருமை ரோசிக்குரியதாயிற்று.

அன்றைய திருவிதாங்கூரில் சாதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. ஒடுக்கப்பட்டோர் அரசுக் கோயில்களில் நுழைய 1936ஆம் ஆண்டு வரை உரிமை இல்லை. சில சாலைகளில் நடக்கவும் தடை இருந்தது. அத்தகைய சூழலில் ரோசிக்கு அந்த வேடத்தைத் தந்தது டேனியலின் துணிவு. அதனை ஏற்று நடித்தது அதனினும் பெரிய துணிவு. ஏனெனில், அதனால் விளைந்த துன்பத்தின் பெரும்பங்கை ரோசியே தாங்க நேர்ந்தது.

கிழிந்த திரை

திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் ‘விகதகுமாரன்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பழைய நூல்கள் இதனை 1928 என்று குறிக்கின்றன. பின்வந்த ஆய்வாளர் சிலர் 1930 என்கின்றனர். புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். நகரத்துப் பெரியோர் திரண்டிருந்த அவ்வரங்கில், படத்தின் நாயகிக்கு அமர இடமில்லாமற் போயிற்று என்பர்.

ஒடுக்கப்பட்ட சமூகப் பெண் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றியதைக் கண்டு ஒரு கூட்டம் சினம் கொண்டது. நாயகன் நாயகியின் கூந்தல் மலரை முத்தமிடும் காட்சியில் கூச்சல் பெருகியது. கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. வெறுப்பு அத்துடன் தணியவில்லை. ரோசியின் குடிசை தீக்கிரையாக்கப்பட்டது. அவர் உயிர் தப்பி, ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் சென்றார். பின்னர்த் திருமணம் செய்துகொண்டு, தாம் நடிகையாக இருந்ததை வெளியே கூறாமல் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். தாம் நடித்த ஒரே படத்தை அவர் அரங்கில் அமர்ந்து பார்த்ததில்லை.

ஆலப்புழை முதலிய ஊர்களிலும் படம் காட்டப்பட்டது. ஆயினும் செலவிட்ட பணம் திரும்பவில்லை. கடன் மிகுந்தது. டேனியல் கருவிகளை விற்றார், படநிலையத்தை மூடினார். நிலத்தை விற்றுத் தொடங்கிய கனவு சில ஆண்டுகளில் முடிந்தது.

பல் மருத்துவர் டேனியல்

மனைவி ஜேனட்டுடனும் பிள்ளைகளுடனும் டேனியல் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். பல் மருத்துவம் கற்று, பாளையங்கோட்டை, காரைக்குடி முதலிய தமிழக ஊர்களில் தொழில் செய்தார். ஓரளவு வசதியும் சேர்ந்தது. புதுக்கோட்டையைச் சேர்ந்த புகழ்பெற்ற நடிகர் பி.யு. சின்னப்பாவின் நட்பு அவருடைய பழைய ஆசையைத் தூண்டியது என்பர். மீண்டும் படமெடுக்க முயன்று, சேர்த்த பொருளையும் இழந்தார். இறுதியில் அகத்தீசுவரத்திற்கே திரும்பினார்.

அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் தன்மையன. வீட்டில் எஞ்சியிருந்த ‘விகதகுமாரன்’ சுருள், அதன் அருமை அறியாத சிறுபிள்ளை விளையாட்டில் எரிந்துபோயிற்று என்று குடும்பத்தினர் பிற்காலத்தில் கூறினர். காணாமற்போன மகனைப் பற்றிய படமே காணாமற்போயிற்று. சில நிழற்படங்களே இன்று எஞ்சியுள்ளன.

எல்லைக்கு அப்பால்

1938இல் ‘பாலன்’ என்னும் பேசும்படம் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம். நெடுங்காலம் அதுவே மலையாளத்தின் முதற்படமாகக் கூறப்பட்டது. டேனியலின் பெயர் மறைந்தே கிடந்தது. இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அகத்தீசுவரத்திற்குச் சென்று முதியவரான டேனியலைக் கண்டார். அவரது வரலாற்றைத் தொடர்ந்து எழுதினார். நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று வாதாடினார்.

அந்த உதவி கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் வழங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. தமிழ் மக்கள் போராடிப் பெற்ற இணைப்பு அது. ஆனால் அதே எல்லைக்கோடு டேனியலின் வாழ்வில் வேறொரு விளைவை உண்டாக்கியது. அவர் பிறந்தபோது அகத்தீசுவரமும் திருவனந்தபுரமும் ஒரே நாட்டில் இருந்தன. இப்போது அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் கேரளத்தின் உதவித்தொகை மறுக்கப்பட்டது. ஒலியில்லாத ஒரு படத்தை மலையாளப் படம் என்று கொள்ளலாமா என்ற ஐயமும் எழுப்பப்பட்டது.

நோயும் வறுமையும் சூழ்ந்த நிலையில் 1975 ஏப்ரல் 27ஆம் நாள் டேனியல் அகத்தீசுவரத்தில் மறைந்தார்.

திரும்பி வந்த பெயர்

காலம் செல்லச் செல்ல உண்மை வெளிப்பட்டது. ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதற்படமாக ஏற்கப்பட்டது. டேனியல் மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பட்டார். கேரள அரசு 1992ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. 2013இல் அவரது வாழ்க்கையைச் சித்திரிக்கும் ‘செல்லுலாய்ட்’ என்னும் மலையாளப் படம், கமல் இயக்கத்தில் வெளிவந்தது. ரோசியின் பெயரால் 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினர்.

பட்டத்தில் அவர் எழுப்பிய படநிலையம் இன்று இல்லை; அவர் எடுத்த படமும் இல்லை. ஆயினும் கேரளத்தின் மூத்த திரைக்கலைஞர்கள் பெறும் உயரிய விருதில், எல்லைக்கு அப்பாலுள்ள அகத்தீசுவரத்தில் பிறந்த செல்லையா டேனியலின் பெயர் நிலைத்து நிற்கிறது.

சொற்பொருள்

அடிகோலுதல் – தொடங்கி வைத்தல்
இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்
தழும்பு – காயம் ஆறிய வடு
நலிந்த – வறுமையால் மெலிந்த
வழங்கும் – பேசப்படும்

பயிற்சி

1. டேனியல் திரைத்தொழிலை எவ்வாறு கற்றார்?
2. ‘விகதகுமாரன்’ கதையை ஐந்து வரிகளில் எழுதுக.
3. ரோசிக்கு நேர்ந்த துன்பத்திற்குக் காரணம் யாது?
4. டேனியலுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணம் சரியானதா? உம் கருத்தை எழுதுக.
5. பிறந்த ஊர், பேசும் மொழி, உழைக்கும் இடம் ஆகிய மூன்றும் வெவ்வேறாக அமைந்த ஒருவரை உம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ கண்டு, அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.