பழைய விமானங்களைக் காத்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த்

முன்னுரை

விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அறிவியல் சார் இந்தப் பாடம் நடத்தியபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் காலத்து விமானமெல்லாம் இப்போ எங்கே போச்சு? காயலான் கடைக்குப் போயிருக்குமா? சாரிடம் கேட்டேன். சில விமானங்கள் இன்னும் இருக்கின்றன, அதில் சில பறக்கவும் செய்கின்றன என்றார். நூறு வருஷத்துக்கு முந்தின மரமும் துணியும் எப்படிப் பறக்கும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் சார் கொடுத்த புத்தகத்தில் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயர் என்ற மாவட்டத்தில் ஓல்டு வார்டன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1909 ஜூலை 16-ஆம் தேதி ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் பிறந்தார். அவர் பிறந்த ஒன்பதாம் நாள், ஜூலை 25-ல், பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ரிச்சர்டின் குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம். நீராவி இயந்திரமும் கதிர் அடிக்கும் இயந்திரமும் செய்த கிளேட்டன் ஷட்டில்வொர்த் கம்பெனி அவர்களுடையது. முதல் உலகப் போரில் அந்தக் கம்பெனி சாப்வித் கேமல் என்ற போர் விமானத்தையும் செய்து கொடுத்தது. ரிச்சர்ட் ஒரே பிள்ளை. 1913-ல் அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா டோரத்திதான் வளர்த்தார். அவர் அந்த ஊர்ப் பாதிரியாரின் மகள்.

பந்தயக்காரும் விமானமும்

பெரியவரானதும் ரிச்சர்ட் கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார். 1932-ல் 23 வயதில் குடும்பச் சொத்து அவர் கைக்கு வந்தது. அந்த வருஷமே மாத் என்ற சிறிய விமானத்தை வாங்கினார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த புல்வெளியையே விமானத் தளம் ஆக்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1933-ல் டெல்லியில் வைசிராய் கோப்பை விமானப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொள்ள ரிச்சர்டும் நண்பர் ஜார்ஜ் ஸ்டெட்டும் இங்கிலாந்தில் இருந்து இந்தியாவுக்குப் பறந்தே வந்தார்கள். வந்தது பெரிய விமானத்தில் இல்லை. ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய ஸ்விஃப்ட் விமானங்களில்! நம் நாட்டில் அஸ்ஸாம் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஆல்பன் அலி என்பவரும் அதே போட்டியில் தன்னுடைய சிவப்பு ஸ்விஃப்டை ஓட்டினார். அந்தச் சிவப்பு விமானம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? ரிச்சர்டின் ஊரிலேயே இருக்கிறது.

கார் பந்தயத்திலும் அவர் கெட்டிக்காரர். 1935-ல் டோனிங்டன் கிராண்ட் பிரி பந்தயத்தில் ஆல்ஃபா ரோமியோ காரில் முதலாவதாக வந்தார். ஆனால் 1936-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த பந்தயத்தில் கார் கவிழ்ந்து பலத்த அடி. பிழைத்ததே பெரிது.

காயலான் கடைக்குப் போகாத விமானங்கள்

பணக்காரர்கள் புதுசு புதுசாக வாங்குவார்கள். ரிச்சர்ட் பழையதைத் தேடிப் போனார். 1935-ல் கிரிம்மர் என்பவரிடமிருந்து இரண்டு பழைய விமானங்களை வாங்கினார். அதில் ஒன்று 1909-ல் செய்த பிளேரியோ விமானம். கால்வாயைக் கடந்த அதே வகை! அது 1912-ல் விழுந்து உடைந்து, லண்டனில் ஒரு ரயில் பாலத்தின் அடியில் கிடந்ததாம். கிரிம்மர் அதை எடுத்துச் சரிசெய்து வைத்திருந்தார்.

அடுத்து சாப்வித் டவ் என்ற இரண்டு பேர் போகும் விமானம் கிடைத்தது. இது பப் என்ற முதல் உலகப் போர் விமானத்தைப் பொதுமக்களுக்காக மாற்றிச் செய்தது. ரிச்சர்ட் அதைத் திரும்பவும் ஒருவர் ஓட்டும் போர் விமானமாகவே மாற்றிக் கட்டினார்.

இந்த விமானத்தின் எஞ்சின் வேடிக்கையானது. சாதாரணமாக எஞ்சின் நிற்கும், விசிறி சுற்றும். இதில் விசிறியோடு சேர்ந்து எஞ்சினே சுற்றும். அதற்கு என்ன எண்ணெய் ஊற்றுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம்ம வீட்டு விளக்கெண்ணெய்தான்! அது பெட்ரோலோடு கலந்து நீர்த்துப் போகாது என்பதால் ஆமணக்கு எண்ணெய் ஊற்றினார்கள். எஞ்சின் சுற்றும்போது எண்ணெய் பின்னால் தெறித்து ஓட்டுபவர் முகத்திலும் அடிக்கும். இறக்கைகள் மரச்சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, அது விறைப்பாக நிற்க ஒரு மருந்து பூசியது. துணி நைந்தால் மாற்ற வேண்டும், மரம் உளுத்தால் மாற்ற வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் இல்லாவிட்டால் விமானம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

போரும் மறைவும்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ரிச்சர்ட் விமானப் படையில் சேர்ந்தார். 1940 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவுப் பயிற்சிக்காக ஃபேரி பேட்டில் என்ற விமானத்தில் தனியாகக் கிளம்பினார். இருட்டில் விமானம் மோதி நொறுங்கியது. அவருக்கு அப்போது வயது 31. சொந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

புருஷனும் போய், ஒரே மகனும் போய் டோரத்தி அம்மா தனியாக நின்றார். பந்தயத்தில் தப்பித்த பிள்ளை விமானத்தால் போய்விட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே அவன் சேர்த்த விமானங்கள் நிற்கின்றன. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. நானாக இருந்தால் விமானத்தின் முகத்திலேயே விழிக்க மாட்டேன், எல்லாவற்றையும் விற்றிருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

தாய் செய்த காரியம்

ஆனால் அந்தத் தாய் விற்கவில்லை. போர்க்காலத்தில் தன் மாளிகையை அடிபட்ட விமானப் படை வீரர்கள் தங்கித் தேறும் இடமாகக் கொடுத்தார். 1944-ல் மகன் பெயரில் ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தினார். விமானக் கலையும், விவசாயமும், மரம் வளர்ப்பும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அதன் நோக்கம். விவசாயக் கல்லூரி ஒன்றும் வந்தது.

விமானங்களைக் கண்ணாடிக்குள் பூட்டி மாலை போட்டு வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஓட வேண்டியது ஓட வேண்டும், பறக்க வேண்டியது பறக்க வேண்டும் என்பதே அந்த இடத்தின் வழக்கம் ஆனது. 1963 முதல் பொதுமக்கள் போய்ப் பார்க்கத் திறந்து வைத்தார்கள். டோரத்தி அம்மா 1968-ல் காலமானார்.

இன்றும் பறக்கிறது

பிறகும் பல விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. 1918-ல் போரில் பறந்த எஸ்.இ.5ஏ ஒன்று, போர் முடிந்ததும் வானத்தில் புகையால் விளம்பரம் எழுதப் பயன்பட்டு, பிறகு ஒரு தொழிற்சாலைக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து 1959-ல் பறக்க வைத்தார்கள். ஆப்கானிஸ்தான் விமானப் படையிடம் இருந்த ஹைண்ட் விமானத்தை 1970-ல் காபூலில் இருந்து தரைவழியாகவே கொண்டுவந்தார்கள். பதினோரு வருஷம் பாடுபட்டு 1981-ல் பறக்கவிட்டார்கள். 1942-ல் செய்த ஸ்பிட்ஃபயரும் அங்கே உண்டு.

பறக்கவிட்டால் தேயும், விழுந்தால் திரும்பக் கிடைக்காது, அதனால் பூட்டி வைப்பதே நல்லது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். அதனால்தான் அங்கே ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். மிகப் பழைய விமானங்களைக் காற்று அடங்கின சாயங்காலத்தில் மட்டும் வெளியே எடுப்பார்கள். பிளேரியோவுக்கு எஞ்சின் சக்தி 25 குதிரைத்திறன்தான், நம்ம ஊர் டிராக்டரைவிடக் குறைவு. அது வட்டமெல்லாம் அடிக்காது. புல்தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி, நேராகப் போய், இறங்கிவிடும். அவ்வளவுதான். ஆனால் பறக்கிறது! ரிச்சர்ட் 1932-ல் வாங்கிய மாத் விமானத்துக்கும் இன்றுவரை அதே புல்வெளிதான் வீடு.

முடிவுரை

கடைசியாக எங்க வீட்டு விஷயம் ஒன்று. எங்க சித்தப்பா நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. அவங்க சைக்கிளை அப்பத்தா மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வச்சிருந்தாங்க. பழைய இரும்புக்காரர் வந்து கேட்டாலும் தர மாட்டாங்க. யாரையும் தொடவும் விட மாட்டாங்க. டயர் வெடிச்சு, செயின் துருப்பிடிச்சுப் போச்சு. நான் தினமும் மூணு கிலோமீட்டர் நடந்துதான் பள்ளிக்கூடம் வந்தேன்.

இந்தக் கதையை ஒரு ராத்திரி அப்பத்தாவுக்குச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்டாங்க. ஒரே பிள்ளை என்றேன். அப்புறம் ஒண்ணும் பேசலை. நான் சைக்கிளைக் கேட்கவும் இல்லை. ரெண்டு நாள் கழிச்சு அவங்களே சாக்கை எடுத்துட்டு, சைக்கிள் கடைக்காரரை வரச் சொன்னாங்க. ரெண்டு டயர், ரெண்டு டியூப், செயின் புதுசு. மத்ததெல்லாம் சித்தப்பாவுடையது. இப்போ நான் அதில்தான் வர்றேன். சாயங்காலம் நான் வீடு போய்ச் சேரும் வரைக்கும் அப்பத்தா தெருமுனையில் நிற்பாங்க.

தோழர்களே! பழைய பொருளை எறியாமல் காப்பது நல்லது. அதைப் பழுது பார்த்து, பயந்து பயந்தாவது ஓட வைப்பது அதைவிட நல்லது. ரிச்சர்டிடமும் அவருடைய அம்மாவிடமும் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி