இதயத்தின் எழுத்தை வாசித்தவர்

அப்புத்தளைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் என் அக்காளுக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கும். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் அவர் மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சி நாடியை எண்ணுகிறது. அதனை நம்பியிருக்கலாமா, பதுளை வைத்தியசாலைக்குச் சென்று மின்பதிவு எடுக்கவேண்டுமா என்று அவர் கேட்டபோது, வில்லம் ஐன்தோவனின் வாழ்வு என் நினைவுக்கு வந்தது.

ஐன்தோவன் 1860இல் யாவாத் தீவின் செமாராங் நகரிற் பிறந்தார். மருத்துவரான தந்தை இளமையிலேயே மறைய, 1870இல் தாயார் ஆறு பிள்ளைகளுடன் ஒல்லாந்துக்குச் சென்றார். மருத்துவம் பயின்ற ஐன்தோவன் தம் 25ஆம் வயதில் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

மனித இதயத்தின் நுண்மின்னோட்டத்தை 1887இல் இலண்டனில் வோலர் பதிவுசெய்து காட்டியிருந்தார். ஆனால் அவருடைய பாதரசக் கருவி மந்தமானது. ஐன்தோவனோ வெள்ளி பூசிய மெல்லிய படிக இழையைக் காந்தத் துருவங்களிடையே கட்டி, அதன் அசைவை ஒளிப்படத் தட்டில் நிழலாக விழச்செய்தார். 1901இல் அக்கருவியைப் பற்றி எழுதினார். அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். இயக்க ஐவர் வேண்டும். அதனை நோயாளியிடம் கொண்டுசெல்ல இயலாமையால், ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் குறிப்பைத் தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு பெற்று, 1927இல் மறைந்தார்.

இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் என்றும் ஒன்றாயிராது. வினாடியின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் கூடியும் குறைந்தும் வரும். நரம்புமண்டலத்தின் நிலையை உணர்த்தும் அந்த வேறுபாட்டை அளக்க, ஐன்தோவன் ‘ஆர்’ எனப் பெயரிட்ட கூரிய முகடே சிறந்த அடையாளம். ஒளிக்கருவி காண்பதோ, இதயம் அனுப்பிய குருதி அலை மணிக்கட்டை அடைந்த நேரத்தை. வழியிலுள்ள நாளங்களின் இறுக்கத்துக்கேற்ப அந்த நேரம் மாறும். அலையின் முகடும் மழுங்கியது. அமைதியாக அமர்ந்திருப்பவரிடம் இரு கணக்குகளும் பெரும்பாலும் நெருங்கி நிற்கும். குளிரில் நாளங்கள் சுருங்கினாலோ, கொழுந்து பறிக்கும் கை ஓயாது அசைந்தாலோ ஒளிக்கணக்குத் தடுமாறும்.

ஆகவே, கடிகாரம் தூதுவனேயன்றி நீதிபதியன்று என்று அக்காளிடம் சொன்னேன். படபடப்பு உள்ளவர் மின்பதிவு எடுத்தே ஆகவேண்டும். மறுநாட் காலை அவர் பதுளைப் பேருந்தில் ஏறினார். லெய்டனில் இதயத்தின் குறிப்புக் கம்பிவழி கருவியிடம் சென்றது. எங்கள் மலையிலோ ஒருநாட் கூலியை இழந்து மனிதரே செல்லவேண்டியிருக்கிறது.