யந்திரத்தைப் பிரித்துப் படித்தவர்

தருமபுரி ஜில்லாவில் பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. அவற்றிற் பல, முதல் எஜமானன் ஓட்டி அலுத்துத் தள்ளிவிட்ட வண்டிகள். மழையை நம்பிப் பயிர் செய்யும் குடியானவன் புது வண்டிக்கு எங்கே போவான்? பழையதை வாங்குகிறான்; வீட்டு வாசலில் மரநிழலில் நிறுத்துகிறான்; மகனும் மைத்துனனுமாகச் சேர்ந்து கழற்ற ஆரம்பிக்கிறார்கள். கையெல்லாம் கறுப்பு, வாசலெல்லாம் எண்ணெய். அவ்வழியே போகிற, நாலெழுத்துப் படித்த சிலர் இதைக் கண்டு முகஞ் சுளிப்பதுண்டு. பிள்ளை உருப்படாமற் போய்விட்டானே என்று தகப்பனிடமே அனுதாபம் தெரிவிப்பதும் உண்டு. அத்தகையோர் கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவின் சரித்திரத்தைச் சற்றே ஞாபகப்படுத்திக்கொள்வது நலம்.

அவர் பிறந்தது 1893-ம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஆரம்பப் படிப்போடு அது முடிந்தது. வயற்காட்டிலே நாளைக் கழித்துக்கொண்டிருந்த அந்த வாலிபரின் முன்னால், 1912-ம் வருஷ வாக்கில், ஒரு வெள்ளைக்கார ரெவினியூ உத்தியோகஸ்தர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானே ஓடும் வண்டி! ஊரார் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நாயுடுவோ அந்த வண்டியை அடைந்தே தீருவதென்று சங்கற்பம் செய்துகொண்டார். கோயமுத்தூர் சென்று ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்து காசு காசாகச் சேர்த்தார். பின்னர் அதே துரையிடம் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் 300 ரூபாய் என்பது ஓர் ஏழைக் குடும்பம் நெடுநாள் ஜீவிக்கப் போதுமான திரவியம்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர் மெச்ச உலா வருவதே வாலிபர் இயல்பு. அவர் செய்தது வேறு. வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்தார். மீண்டும் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. இருந்த ஒரே உபாத்தியாயர், பிரித்துப் போட்ட அந்த வண்டிதான்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள். அக்காலத்து மோட்டார் சைக்கிளில் பொறியை உண்டாக்குவது மாக்னெட்டோ என்னும் சிறு கருவி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்புவது கார்புரேட்டர். கலந்த ஆவியை நெருக்குவது பிஸ்டன். ஆவி உரிய நேரத்தில் நுழையவும் வெளியேறவும் கதவு திறப்பவை வால்வுகள். இவற்றில் எது பிசகினாலும் வண்டி நிற்கும். ஆனால் எது பிசகிற்று என்று வண்டி வாய்விட்டுச் சொல்லாது. பொறி வருகிறதா, எண்ணெய் வருகிறதா, காற்று போகிறதா, அழுத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, இல்லாததைத் தள்ளி, உள்ளதைக் கண்டுபிடிக்க வேண்டும். வைத்தியன் நாடி பார்ப்பதும், நியாயாதிபதி சாட்சிகளை விசாரிப்பதும் இந்த முறையிலேதான். தர்க்க சாஸ்திரத்தை ஏட்டில் படித்துப் பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் அதைப் பிரயோகிக்க வல்லவர்கள்?

இன்றைய பிக்கப் வண்டியில் பெரும்பாலும் டீசல் எஞ்சின். அதிலே பொறி கிடையாது; நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. ஆயினும் விசாரணை முறை ஒன்றே. காலையில் வண்டி கிளம்பவில்லை என்றதும் எஞ்சின் போய்விட்டது என்று தலையில் கைவைத்துக்கொள்கிறவனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. எண்ணெய்க் குழாயின் பூட்டு ஒன்று தளர்ந்து உள்ளே காற்றுப் புகுந்திருக்கலாம். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை வெளியேற்றினால் தீர்ந்தது என்று அறிந்தவனுக்கு அரைமணி வேலை. கறுத்த புகை வந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இதை அறிந்தவனை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எனினும் வாசலில் வண்டி பிரிக்கும் வாலிபர்களிடம் நாம் ஒன்றை வற்புறுத்துவோம். எஞ்சினை ஓடவைப்பதில் அவர்களுக்குள்ள ஆவல், வண்டியை நிற்கவைப்பதில் இருப்பதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்தச் சரிவில் நேர்ந்த விபத்துகள் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்திருக்கின்றன என்பதை இந்த ஜில்லாவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உஷ்ணமேறி, அந்த ஈரம் ஆவியாகிவிடும். மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. ஆதலால் பழைய வண்டியில் முதலிற் பிரிக்க வேண்டியது சக்கரத்திலுள்ள டிரம்மும் சிலிண்டரும். மாற்ற வேண்டியது அந்த எண்ணெய். எஞ்சின் அப்புறம். இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சினையே பிடிமானமாக வைத்து இறங்குவது கற்றவன் செய்கை.

நாயுடுவின் கதைக்குத் திரும்புவோம். முதல் உலக யுத்தகாலத்தில் பருத்தித் தொழிலில் பொருள் சேர்த்து, பம்பாய்க்குப் போய் வியாபாரத்தில் அதை இழந்து வெறுங்கையோடு திரும்பினார். கோயமுத்தூரில் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவு கிடைத்தது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தை ஆரம்பித்தார், ஓட்டியவரும் அவரே. அந்த ஒன்று பெருகி, யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் 200-க்கு மேற்பட்ட பஸ்களாயிற்று. பழுதானால் இன்னொருவர் வாசலில் காத்துக்கிடக்காமல் தம் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளும் வல்லமையே அந்த வளர்ச்சிக்கு அஸ்திவாரம் என்பது நமது அபிப்பிராயம்.

தேசபக்தர்கள் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். வெள்ளைக்காரன் உதவியில் முன்னுக்கு வந்தவர், பிற்காலத்தில் தாம் ஸ்தாபித்த கலாசாலைக்குக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரையே இட்டவர், இவரை எப்படிச் சுதேசியத்தின் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாப்பாரப்பட்டியில் 1925-ல் உயிர் நீத்த சுப்பிரமணிய சிவா நடந்த பாதை அல்ல நாயுடு நடந்த பாதை. அந்தத் தியாகத்துக்கு நிகராக இதை வைக்க நாம் துணியோம். ஆனால் 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோதும் கப்பல்களை வெளிநாட்டிலிருந்தே வாங்க நேர்ந்தது என்பதை மறக்கலாகாது. கொடி நம்முடையது, யந்திரம் அவர்களுடையது. அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களில் ஒருவராகவே நாயுடுவை நாம் மதிக்கிறோம்.

1937-ல் பீளமேட்டில் அவர் அமைத்த தொழிற்சாலையில் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடுவின் முயற்சியோடு இந்தியாவிலேயே மின்சார மோட்டார் தயாராயிற்று. கிணற்று நீரை நம்பிய கொங்கு நாட்டுக்கு அது எத்தகைய வரப்பிரசாதம் என்பதை உழவனே அறிவான். டார்ச்சு விளக்குக்குரிய உலர்ந்த பேட்டரியில் ஓடும் க்ஷவரக் கருவியும், மண்ணெண்ணெய் விசிறியும், பழரசம் பிழியும் கருவியும், வாக்குப் பதிவு யந்திரமும் அவருடைய யோசனையில் உருவாயின. 1941-ல் 70 ரூபாய்க்கு ரேடியோ செய்யலாம் என்று காட்டினார். 1952-ல் இரண்டு பேர் அமரும் மோட்டார் காரை 2,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று செய்தே காட்டினார். சர்க்கார் லைசென்சு கொடுக்க மறுத்ததால் அது நின்றுபோயிற்று. அந்நிய ஆட்சி போய் ஐந்தாண்டுக்குள் நம்முடைய ஆட்சியில் இது நடந்தது என்பதுதான் வருந்தத்தக்கது.

கல்வி விஷயத்திலும் அவருக்குச் சர்க்காரோடு ஒத்துப்போகவில்லை. 1945-ல் அவர் முயற்சியால் கோயமுத்தூரில் தொழிற்பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குவது அதுவே. நான்கு வருஷப் படிப்பு வீண் கால விரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் சம்மதிக்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அவர் சொன்ன கணக்கு முற்றிலும் சரியென்று நாம் வாதாட வரவில்லை. பாலத்துக்கும் அணைக்கட்டுக்கும் கணிதம் வேண்டும். கணிதத்துக்குக் காலம் வேண்டும். ஆனால் ஒரு திருகைக்கூடத் திருகிப் பாராமல் பொறியியல் பட்டம் பெறுகிறவர்களைக் காணும்போது அந்த மனிதருடைய கோபம் புரிகிறது.

அந்தக் கோபம் வரம்பு மீறியதும் உண்டு. வரிச் சுமையைக் கண்டித்து, தாம் தயாரித்த ரேடியோ முதலிய பொருள்களை ஜனங்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். அதை நாம் பாராட்ட முடியாது. பிரிப்பதையும் பூட்டுவதையும் கற்பித்த கைக்கு உடைப்பது அழகன்று. 1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அவர் சேகரித்த யந்திரங்களைக் கோயமுத்தூர் அவிநாசி சாலைக் காட்சிசாலையில் இன்றும் காணலாம்.

அவர் காலத்து வண்டியை ஸ்பானர் இருந்தால் பிரிக்கலாம். இன்றைய வண்டிகளிலோ கம்பெனியின் கம்ப்யூட்டர் இல்லாமல் குற்றம் இன்னதென்று அறிய முடியாத பாகங்கள் மிகுந்துவருகின்றன. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய சர்க்கார் 2022-ல் ஒரு கமிட்டியை நியமித்தது; மோட்டார் வாகனங்களும் விவசாய யந்திரங்களும் அதன் ஆராய்ச்சிக்குள் அடங்கியவை. அதோடு, பதினைந்து வருஷங் கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகி, அவை உடைப்புக்குப் போகின்றன. அவ்விதம் கழிக்கப்படும் ஜீப்புகளிலும் வேன்களிலும் உள்ள எஞ்சின்களையும் பிரேக்குகளையும், இரும்பு விலைக்குப் போகுமுன், தருமபுரி அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர்கள் பிரித்துப் பூட்டிப் பழகுவதற்குக் கொடுக்க விதியில் இடமளிக்க வேண்டும். ஜில்லா அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் சபையிலே கேட்கட்டும்.