எண்களில் உண்மை தேடிய பேராசிரியர் மகலனோபிஸ்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை சொல்லும். இந்தச் சமையலறைப் பாடத்தை விஞ்ஞானமாக வளர்த்து நம் நாட்டுக்குப் பயன்படச் செய்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

இவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அங்கே பௌதிகம் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு நம் கணித மேதை இராமானுஜன் இவருடைய நண்பரானார். குளிரில் வாடிய இராமானுஜனுக்கு, கட்டிலில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் புகுந்து உறங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் இவரே. 1915இல் தாயகம் திரும்பும்போது கப்பலில் புள்ளியியல் இதழ்களைப் படித்தார். பௌதிக ஆசிரியரின் வாழ்க்கை திசை மாறியது.

இரண்டு எருக்களில் எது சிறந்தது என்று அறிய, பள்ளித் தோட்டத்தில் இரு பாத்திகளில் தக்காளி நடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாத்தி வேப்பமர நிழலில் இருந்தால், விளைச்சலைக் கூட்டியது எருவா, வெயிலா? ஆகவே பல பாத்திகள் அமைத்து, எதற்கு எந்த எரு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இம்முறையை வகுத்தவர் இங்கிலாந்தின் ரொனால்டு ஃபிஷர். மகலனோபிஸ் 1926இல் அவரைச் சந்தித்தார். இந்தியாவில் இக்கலை வேரூன்றப் பாடுபட்டார்.

அதே ஆண்டில் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். இவரோ சுமார் 60 ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, அக்கருத்து தவறு என்று காட்டினார்.

1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்தில் சணல் விளைச்சலை அறிய, எல்லா வயல்களையும் அளக்காமல் சிலவற்றை மட்டும் தேர்ந்து அளக்கச் செய்தார். தாம்பரத்தில் கிணற்று நீர் உப்பா என்று அறிய நம் தெருவில் மட்டும் கேட்டால் போதுமா? சேலையூரும் பெருங்களத்தூரும் குரோம்பேட்டையும் குலுக்கலில் சேர வேண்டுமல்லவா? மேலும், ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இதனால் தவறுகள் வெளிப்பட்டன.

1950களின் நடுவில் இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்று இவருடைய கழகத்துக்கு வந்தது. இன்று கணிப்பொறி நிரல்கள் நொடியில் சீட்டுக் குலுக்குகின்றன, விளைச்சலையும் ஆராய்கின்றன. ஆயினும் சோதனையைத் தவறாக அமைத்துவிட்டால், எந்த நிரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தம் 79ஆம் பிறந்த நாளுக்கு முந்தின நாள், 1972 ஜூன் 28இல், இவர் மறைந்தார். 2007 முதல் இவர் பிறந்த நாள் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

செய்முறை ஏட்டில் விடை சரியாக வருவதற்காக அளவை மாற்றி எழுதும் ஆசை நம்மில் பலருக்கு வருவதுண்டு. நாட்டின் கணக்கில் ஓர் எண் பொய்த்தால் ஏழையின் கஞ்சி குறையக்கூடும். ஆகவே தோழியரே, கண்டதைக் கண்டபடியே எழுதப் பழகுவோம். அதுவே இப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.